வீட்டு வைஃபை

அம்மான் நகரில், ருதைனாவின் வீட்டு அலமாரியில் ஒரு சிறிய சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் மேற்பார்வையாளனைப் பற்றி அவளிடம் சொன்ன புகார்களின் ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. முதலில் பேசியவள் ஷஹீரா. பேர் தெரிந்தால் வேலை போகும் என்று தெரிந்தே பேசினாள்.

இணையம் வழியே வெளியாள் நுழையும் வழிகளை எல்லாம் ருதைனா அடைத்தாள். ரூட்டரில் திறந்திருந்த போர்ட்டுகளை மூடினாள். வெளியே இருக்கும்போது தான் பார்க்கும் வசதியையும்கூடக் கைவிட்டாள். வீட்டு வைஃபையில் இணைந்த கருவிகளிடம் மட்டும் சர்வர் தனிப் பாஸ்வேர்டு எதையும் கேட்காது. வீட்டில் அவளும் அம்மாவும்தானே.

வெள்ளிக்கிழமை பெரியம்மா மகன் நவ்ஃபல் வந்தான். அவனுக்கு அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில்தான் வேலை.

"சித்தி, வைஃபை பாஸ்வேர்டு என்ன? இங்க சிக்னலே செத்துக் கிடக்கு."

ருதைனா தயங்கினாள். அம்மா முறைத்தாள்.

"என்னடி யோசனை? வந்த பிள்ளைக்கு இதைக்கூடக் குடுக்க மாட்டியா? உங்க பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா."

"விடுங்க சித்தி, குடுத்தா ராணுவ ரகசியம் போயிடும்ல?" என்றான் நவ்ஃபல்.

கொடுத்தாள். அவன் குனாஃபா இனிப்பைத் தின்றபடி வெகுநேரம் போனிலேயே இருந்தான். விருந்தாளியின் போனை எப்படி எட்டிப் பார்ப்பது?

ஞாயிறன்று ஷஹீரா வந்தாள். உட்காரவில்லை.

"என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டுனான்க்கா அந்த சூப்பர்வைசர். ஆபீஸ்ல எல்லாரும் இருந்தாங்க. இனிமே வராதேன்னுட்டான்."

ருதைனா சர்வரின் நுழைவுப் பதிவேட்டைத் திறந்தாள். வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், வீட்டு வைஃபைக்குள் இருந்த ஒரு புதிய போன் எல்லாவற்றையும் நகலெடுத்திருந்தது.

நவ்ஃபலைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நானா பூட்டை உடைச்சேன்? பாஸ்வேர்டு குடுத்தது யாரு?" என்றான்.

"போனை வைடி," என்றாள் அம்மா. "விருந்தாளியைத் திருடன்னு சொன்ன வீடுன்னு பேரெடுக்கணுமா?"

ஷஹீரா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இப்படி இன்னும் யார் யாருக்குக் குடுத்திருக்கீங்கக்கா?"

நோன்பு திறக்க வந்தவர்கள், மேல்மாடிக்காரர்கள், பெண் பார்க்க வந்தவர்கள். ருதைனாவின் விரல்கள் எண்ணிக்கொண்டே போயின.

"அழிச்சிடுங்க. எல்லாரோடதையும்," என்றாள் ஷஹீரா.

ருதைனா அழித்தாள். அது முடியும்வரை ஷஹீரா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பேசின மத்தவங்க வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிக்கிறேன்," என்றாள் வாசலில். "நீங்க வராதீங்க."