நகல் அனுப்பிய கடிதங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும், போனை எடுத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீர்களா என்பதுதான். அதனால் அவளுக்கு ரீஸ்டார்ட் மேடம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பாதிப் புகார் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி, சலவைக் கூடத்தை ஒட்டிய அவளுடைய அறையில், ஆஸ்பத்திரியின் சொந்த சர்வரில் ஓடும் ஒரு மென்பொருளில் போய்ச் சேரும். எந்த வார்டில் எத்தனை கம்ப்யூட்டர், எந்தப் பிரிண்டர் எப்போது வந்தது, யார் என்ன புகார் கொடுத்தார்கள் என்று சகலமும் அதற்குள்தான்.

மூன்று வருடமாக அதை அவள் புதுப்பிக்கவில்லை. ஒழுங்காக ஓடுவதைக் கிளறுவானேன் என்று விட்டுவைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை அதைச் செய்பவர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறது, வெளியாட்கள் நுழைந்துவிடலாம், புதிய பதிப்புக்கு மாறிவிடுங்கள் என்று. வெளியிலிருந்து சர்வருக்கு வரும் வழியை அந்த நிமிடமே அடைத்துவிட்டு, நேரே கண்காணிப்பாளரிடம் போய் மூன்று வாரம் அவகாசம் கேட்டாள்.

கண்காணிப்பாளர் பெரிய டாக்டர். நிதானமான மனிதர். தன் போன் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் தானே புதுப்பித்துக்கொள்கிறதே, இதற்கு எதற்கு மூன்று வாரம் என்று கேட்டார்.

"சார், இதோட ஏழு பிளகின், அதான் கூடுதல் வசதிக்குச் சேர்க்கிற குட்டி மென்பொருள், ஒட்டிக்கிட்டிருக்கு. ஏழையும் ஏழு பேர் செஞ்சிருக்காங்க. ஒண்ணு முரண்டு பிடிச்சாலும் மொத்தமும் படுத்துரும்" என்றாள்.

அவர் ஆபரேஷன் பண்ணுகிறவர். அதற்கு மேல் விளக்கம் கேட்காமல் அவகாசம் கொடுத்துவிட்டார்.

அறைக்குத் திரும்பியவள் ஏழு பிளகின்களையும் தாளில் எழுதினாள். மீட்டிங் அறைக்கு முன்பதிவு செய்யும் பிளகினை யார் கேட்டு வாங்கினார்கள் என்று விசாரித்தால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். அதை அடித்தாள். ஐந்துக்குப் புதிய பதிப்பு தயாராக இருந்தது. லேபிள் அச்சடிக்கும் பிளகின்தான் காலை வாரியது. அதைச் செய்தவர் எங்கேயோ இருக்கும் ஒரு தனி ஆள். இரண்டு வருடமாக அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள்.

ஆனால் லேபிள் என்றால் ஸ்டோர்ஸ். ஸ்டோர்ஸ் என்றால் அண்ணி. அண்ணி அவள் கணவரின் அக்கா. இருபது வருடமாக ஸ்டோர்ஸின் பொறுப்பு அவரிடம்தான். உள்ளே வரும் ஒரு மௌஸ்கூட லேபிள் ஒட்டாமல் அவர் மேசையைத் தாண்டிப் போகாது. அவரிடம் இந்தச் செய்தியைச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுக்கொண்டாள்.

முதலில் சோதித்துப் பார்க்க ஒரு நகல் வேண்டும். சர்வரில் இருந்த எல்லாவற்றையும் பிரதி எடுத்து, மேசைக்கடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அப்படியே நிறுவினாள். முதல் தடவை நகல் கண் திறக்கவேயில்லை. சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்கும் சின்னச் சாவிக் கோப்பு ஒன்றைப் பிரதி எடுக்க மறந்திருந்தாள். இத்தனை வருடமாக எடுத்துவைத்த பிரதிகளிலும் அது இல்லை என்று தெரிந்ததும், சர்வர் இதுவரை ஒருநாளும் சாகாமல் இருந்ததற்கு அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நகல் ஓடியது. அதன் தானியங்கி வேலைகள் அத்தனையையும் முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனாள். அங்கேதான் வினை. தீராத புகார்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் வேலையை உண்மையான சர்வரில் அவள் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தாள். நகலில் அதுவும் சேர்ந்து கிளம்பிவிட்டது. நகலிலிருந்து மெயில் வெளியே போகும் வாசலை அடைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவள் டீயை ஊதி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரி முழுக்க இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள் பறந்தன. 'உங்கள் புகார் இன்னும் நிலுவையில் உள்ளது. குறை தீர்ந்ததா?'

திரும்பி வந்தபோது போன் அலறிக்கொண்டிருந்தது, மெயிலில் பதில்கள் குவிந்துகொண்டிருந்தன. எக்ஸ்ரே பிரிவில் மூன்று வருடத்துக்கு முந்தைய புகாருக்கு இன்று பதில் வந்த அதிசயத்தைப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். ஓய்வு பெற்றுப் போன ஒரு டாக்டர் வீட்டிலிருந்து அழைத்து, தன்னை மறக்காமல் இருப்பதற்கு நன்றி சொன்னார். நகலின் வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்காணிப்பாளருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. அவர் அறைப் பிரிண்டர் எல்லாவற்றையும் பச்சையாக அச்சடிக்கிறது என்று எப்போதோ அவர் கொடுத்த புகார்.

ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று தானே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பச்சைப் பசேலென்று இருந்தது.

"இன்னும் அப்படியேதாம்மா இருக்கு. கேட்டுக் கேட்டு நானே விட்டுட்டேன்" என்றார். பிறகு, "பதில் எழுதினவங்கள்ல எத்தனை பேருக்கு இன்னும் சரியாகலை?" என்று கேட்டார்.

அதை அவள் எண்ணிப் பார்க்கவேயில்லை. உட்கார்ந்து எண்ணினாள். நாற்பத்திரண்டு. அவளோடு வேலை பார்க்கும் கேபிள் அண்ணன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கினார். எலும்பு வார்டில் ஒரு மானிட்டரின் கால் உடைந்துபோய், நர்ஸ்கள் அதற்கு முறைப்படி மாவுக்கட்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். கேபிள் அண்ணன் புதுக் காலோடு போனபோது, கட்டைப் பிரிக்கத் தலைமை நர்ஸே வந்தாராம். பத்து நாளில் நாற்பத்திரண்டும் தீர்ந்தன. காரிடாரில் நடந்தால் இப்போது ஆட்கள் நின்று வணக்கம் சொன்னார்கள். தப்புப் பண்ணி இவ்வளவு நல்ல பேர் வாங்கியது தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இதற்கிடையில் மெயில் வாசலை அடைத்த நகலில் புதிய பதிப்பை ஏற்றிப் பார்த்தாள். லேபிள் பிளகினை இயக்கினால் வெறும் வெள்ளைத் திரை. நிறுத்தினால் எல்லாம் ஜோராக ஓடியது. இனித் தள்ளிப்போட முடியாது. ஸ்டோர்ஸுக்குப் போனாள்.

அண்ணி முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"லேபிள் இல்லாம நான் பேனாவால எழுதி ஒட்டணுமா?"

"இல்ல அண்ணி, மாறுறதுக்கு முன்னாடியே ஐந்நூறு நம்பர் லேபிள் அடிச்சுத் தந்துடறேன். அதுக்குள்ள ஒரு வழி பண்றேன்."

"லேபிளை விடு. என் கணக்கெல்லாம் அப்படியே இருக்கும்னு யார் சொன்னது?"

நகலில் பார்த்துவிட்டதாக அவள் சொன்னாள். அப்படியென்றால் தானும் பார்க்க வேண்டும் என்று அண்ணி எழுந்துவிட்டார்.

சலவைக் கூடத்துச் சத்தத்தில், அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அண்ணி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்று அவளுக்குக் கால் கடுத்தது. குடும்பத்துக்குள்ளேயே இப்படியா என்று ஒரு பக்கம் எரிச்சல். அப்போது அண்ணி திரையில் விரலை வைத்தார்.

"இந்த ஸ்கேனரோட வாரண்டி மார்ச் அஞ்சு. இதுல மே மூணுன்னு இருக்கு. கீழ இருக்கிறதுக்குத் தேதியே காணோம்."

அவள் குனிந்து பார்த்தாள். வாரண்டித் தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாள் எல்லாம் வெறுமையாகிவிட்டன, அப்படியொரு மாதம் இல்லையே. ஆயிரத்து நானூறு பொருள். ஒரு வாரம் நகலோடு மல்லுக்கட்டியும் அவள் கண்ணில் இது படவில்லை. தேதிக் கட்டத்தைச் சேர்க்கும் பிளகினை இடையில் ஒரு பதிப்பைத் தாண்டி நேரே கடைசிப் பதிப்புக்கு ஏற்றியதுதான் காரணம் என்று அன்று மாலைக்குள் கண்டுபிடித்தாள். நகலை அழித்து, முதலில் இடைப்பதிப்பு, பிறகு கடைசிப் பதிப்பு என்று ஏற்றியதும் தேதிகள் சமர்த்தாக நின்றன. மறுநாள் அண்ணி மறுபடி வந்து, நாற்பது பொருளைச் சோதித்துவிட்டு, "ம்" என்றார். அண்ணி வாயிலிருந்து அதுவே பெரிய சான்றிதழ்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பித்தது. பதினொன்று வரை மென்பொருள் இயங்காது, அவசரம் என்றால் போனில் கூப்பிடுங்கள் என்று முன்பே எல்லா வார்டிலும் ஒட்டியாகிவிட்டது. பிரதி எடுத்தாள், சாவிக் கோப்பு இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். பிளகின்களை நிறுத்தி, மென்பொருளை ஏற்றி, பிளகின்களை ஒவ்வொன்றாக எழுப்பினாள். ஒன்று எழுந்து நடமாடும்வரை அடுத்ததைத் தொடவில்லை. கேபிள் அண்ணன் தாளைப் பார்த்து வரிவரியாகச் சொல்ல, அவள் செய்தாள். எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. நம்ப முடியாமல் இருவரும் ஒன்பது வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை யாரும் எதையும் கவனிக்கவில்லை. அதைவிட நல்ல சேதி அவளுக்கு வேறில்லை. புதன்கிழமை லேபிள் பிளகின்காரர் பதில் போட்டார். தன் பிளகினை இன்னும் ஒருவர் பயன்படுத்துவது தெரிந்து சந்தோஷம் தாங்கவில்லை என்று எழுதி, திருத்திய பதிப்பையும் அனுப்பியிருந்தார். அதையும் முதலில் நகலில்தான் ஏற்றினாள்.

அந்த வாரக் கடைசியில் கண்காணிப்பாளர் ஓர் உத்தரவு போட்டார். இனி எந்த மாற்றத்துக்கு முன்னும் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அரைநாள் நகலைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணி அதற்கென்று தடித்த நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் தலைப்பு எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டார். ஞாயிறு மதியச் சாப்பாட்டில், தட்டிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னார்: "உன் பெண்டாட்டி கெட்டிக்காரிதான். ஆனா தேதியைப் பாக்க ஒரு ஆள் வேணும்."

அவள் சிரித்துக்கொண்டே, அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.