மொரிதா சாரின் கிளாஸ்

என் மனைவி பவுலினுக்கு எட்டு நாளில் பிரசவம். தூத்துக்குடி போக லீவு வேண்டும். எங்கள் கம்பெனியில் லீவு ஃபாரத்தை ஆபீஸில் வாங்க மாட்டார்கள். இஸகாயாவில்தான் வாங்குவார்கள். இஸகாயா என்றால், ஒசாகாவில் வேலை விட்டதும் கும்பலாகப் போய்க் குடித்துக் கொறிக்கிற கடை. அங்கே மணி எப்போதும் ஆறு.

மேனேஜர் மொரிதா ஃபாரத்தை வாங்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"என் கிளாஸ் காலியானதும் கையெழுத்து."

அரை கிளாஸ் பீர்தான் இருந்தது. சந்தோஷப்பட்டேன், மடையன்.

இந்த ஊரில் தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் ஊற்ற வேண்டும். காலியாக விடுவது அவமரியாதை. பக்கத்தில் இருந்தவன் நான்.

அவர் ஒரு மடக்கு குடித்தார். பாட்டில் தானாக என் கைக்கு வந்தது.

"ஊத்துல மக்கா, கிளாஸ் இறங்குது," என்றான் எதிரில் இருந்த செல்வின். நாகர்கோவில்காரன். லீவு கேட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே பெஞ்சாகிவிட்டான்.

ஊற்றினேன். எல்லாரும் "ஆகா" என்றார்கள். இதற்கெல்லாம் ஒரு ஆகா! கேட்காமலே ஒரு கிண்ணத்தில் அவித்த வேர் வந்தது. தின்றேன். வாசல் பத்தடி தள்ளிப் போனது.

பவுலின் போன் செய்தாள்.

"ஏங்க, வலி வந்துருச்சு."

"இந்தா, ஒரு கிளாஸ்தான்."

அடுத்த போனில், "பொம்பளப் பிள்ளை. பல்லு முளைச்சிருச்சு," என்றாள். அதற்கடுத்த போனில், "காலேஜ்ல சேத்தாச்சு. அப்பா எங்கன்னு கேட்டாங்க. குடிக்கப் போயிருக்காருன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"சார், ஒரே மடக்கா குடிச்சிருங்களேன்," என்று கெஞ்சினேன்.

"அவசரம் வேண்டாம். நிதானமா இருக்கத்தானே வந்திருக்கோம்," என்றார் மொரிதா.

மண்ணாங்கட்டி நிதானம்.

அப்போது என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முதல்முறையாகப் பார்க்கிறேன். இருபத்திரண்டு வயது. பவுலினின் மூக்கு.

"அப்பா, அம்மா கையோட கூட்டிட்டு வரச் சொன்னா."

பாட்டிலைக் கீழே வைத்தேன். இரண்டு கையின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"வேண்டாம்ல, பெரிய தப்பு," என்று செல்வின் பதறினான்.

போடா பெஞ்சு.

மொரிதா கடைசி மடக்கைக் குடித்தார். கிளாஸ் காலி. ஃபாரத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"ஐயோ, சார் கிளாஸ் காலியா இருக்கே," என்றாள் மகள். இரண்டு கையாலும் பாட்டிலை எடுத்து, சொட்டுச் சிந்தாமல் நிறைத்தாள்.

கடையே கை தட்டியது. மொரிதா பேனாவை மூடினார்.

"பிள்ளையை நல்லா வளர்த்திருக்கீங்க," என்றார் என்னிடம்.