பதினாறாவது ஆணி

“எங்கப்பா படத்தைக் கொண்டுவந்து மாட்டுங்க,” என்றாள் தௌசி.

அந்த ஒன்றை மட்டும் அங்கே கேட்டுவிடாதே என்று அம்மா நூறு தடவை சொல்லியிருந்தாள். போ, அவர்கள் கேட்கிற கடிதத்தை எழுதிக்கொடு, காப்பி கொடுத்தால் குடி, வீட்டுக்கு வா. எட்டு மாதமாகத் தௌசி அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தாள். தார் எஸ் சலாம் போய்ப் பட்டம் வாங்கிவந்த பெண் என்பதால் குசி கால்பந்து அணியின் ரசிகர் சங்கச் செயலாளர் பதவி தானாக அவள் மடியில் வந்து விழுந்தது. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் ஏழாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

இன்றைக்கு வாயைக் கட்ட முடியவில்லை. சங்க அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கழற்றி வைத்த பழைய ஆட்டக்காரர்களின் படங்களை ஜும்பே ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டினார். பதினைந்து படம். ஆணி பதினாறு. சுண்ணாம்பு அடித்தவன் அந்தக் கடைசி ஆணியின் தலைக்கும் சேர்த்து வெள்ளை பூசிவிட்டுப் போயிருந்தான். அதைப் பிடுங்க யாருக்கும் தைரியம் இல்லை, அதில் எதையாவது மாட்டவும் தைரியம் இல்லை.

தலைவர் மஸே ஷெகுவே காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஜும்பே தையற்காரர், வாய் சும்மா இருக்காது. அவரே சுத்தியலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“படம் இல்லை மகளே,” என்றார் மஸே.

“எங்கே போச்சு?”

“கடல்ல போட்டாச்சு. அப்பவே. போடச் சொன்னாங்க, போட்டோம்.”

யார் போடச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. பெம்பா தீவிலிருந்து வந்து, இரண்டு நாள் தங்கி, கோழி தின்றுவிட்டுப் போன மந்திர வைத்தியர்தான். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். இந்த டாங்கா ஊரில் இரண்டு அணிகள். தென்காற்றின் பேரை வைத்துக்கொண்டது குசி, வாடைக்காற்றின் பேரை வைத்துக்கொண்டது கஸ்காசி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மேலே இருந்தது குசி. அன்றைக்கு இரண்டு அணிகளுக்கும் இறுதி ஆட்டம். மைதானத்துக்குள் எந்த வழியாக நுழைவது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வதில்லை, இந்த அறைதான் முடிவு செய்யும். வாசலில் எதிரி எதையாவது புதைத்திருப்பான், மிதித்தால் கால் மரத்துப்போகும். ஆகவே பின்பக்கச் சுவரேறிக் குதித்து உள்ளே போக வேண்டும். எல்லோரும் குதித்தார்கள். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், தௌசியின் அப்பா ஹதிபு மட்டும் குதிக்கவில்லை. முந்தின வியாழக்கிழமைப் பயிற்சியில் அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் ஒரு ஆரஞ்சு வாங்கி, உரித்துத் தின்றபடி நேர்வழியில் நடந்து உள்ளே போனார். குசி மூன்று கோல் வாங்கித் தோற்றது.

அன்று தொடங்கிய சரிவு நிற்கவே இல்லை. இப்போது குசி இரண்டாம் பிரிவில், சிசல் நார்த் தோட்டத்துக் கூலிக்காரர்களின் அணிகளிடமெல்லாம் உதை வாங்கிக்கொண்டிருந்தது. கஸ்காசி மூன்று முறை தேசிய சாம்பியன். அடுத்த வாரம் ஆப்பிரிக்கக் கோப்பைக்கு விமானம் ஏறி லுபும்பாஷிக்குப் போகிறது. ஹதிபு இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. சந்தைக்குப் பின்னால் சைக்கிள் பழுது பார்க்கிறார். குசி ஆடும் நாளில் ரேடியோவைக் காதுக்குள் நுழைத்துவிடுவதுபோல் வைத்துக்கொண்டு, தோற்றதும் அணைத்துவிட்டு எழுந்து போவார். தௌசி பள்ளியில் “சுவரேறாதவன் மகள்” என்ற பட்டப்பேரோடு வளர்ந்தாள். பல்கலைக்கழகப் பட்டம் பின்னால்தான் வந்தது.

“சரி, படம் இல்லை,” என்றாள். “அவராலதான் தோத்தோம்னு பதிவேட்டில எழுதியிருக்கீங்க. அதை அடிச்சிடுங்க.”

ஜும்பே சிரித்தார். “அடிச்சிடலாம். அப்ப வேற காரணம் சொல்லு. படிச்ச பொண்ணுதானே. அதோ, அவங்க மட்டும் எப்படி ஜெயிக்கிறாங்க?”

அவர் காட்டிய பக்கம் எல்லோர் தலையும் திரும்பியது. வேறு எந்தப் பக்கமும் திரும்பிப் பழக்கமில்லாத தலைகள் அவை. கஸ்காசியின் கட்டடம் தெருவுக்கு நேர் எதிரே இருந்தது. அவர்கள் பார்வை உள்ளே விழக்கூடாது என்று இந்த அறையின் முன்கதவைப் பன்னிரண்டு வருடமாகத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்துச் சந்து வழியாகத்தான் போக்குவரத்து. ஆனால் ஜன்னலில் ஒரு கட்டையைக் கழற்றி இடுக்கு வைத்திருந்தார்கள். இடுக்குக்கு முன்னால் மெத்தை வைத்த நாற்காலி. முறை வைத்து அதில் உட்கார்ந்து பார்ப்பார்கள். புது பஸ் வந்ததைப் பார்த்தார்கள். மூட்டை மூட்டையாக எதையோ இறக்கியதைப் பார்த்தார்கள். வாசலருகே பள்ளம் தோண்டியதைப் பார்த்து மூன்று நாள் தூங்கவில்லை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தோல்பையோடு வரும் வெள்ளைத்தாடிக்காரர் சான்சிபார் மந்திரவாதியா, கொமோரோ மந்திரவாதியா என்பதில் இந்த அறை இரண்டு கட்சியாகவே பிரிந்திருந்தது. போன வாரம்கூட, கஸ்காசி வைத்திருக்கும் பந்துகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று கால்பந்துச் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். தௌசி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

எரிச்சல் ஒரு பக்கம். ஆனால் கேள்வி அவளையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அதே ஊர், அதே வெயில், அதே மைதானம். அப்படி என்னதான் செய்கிறார்கள்?

“நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்,” என்றாள்.

“எங்கே?”

“எதிர்த்தாப்ல. இருபது அடிதானே மஸே.”

பைத்தியமா என்பதுபோல் பார்த்தார்கள். ஜும்பே மட்டும், போகிறவள் செருப்பைக் கழற்றாமல் போ, வெறுங்கால் பட்டால் முடிந்தது என்று அறிவுரை சொன்னார். அவள் சந்து வழியாக வெளியே போய், மூலையைச் சுற்றித் தெருவைக் கடந்தாள். முதுகில் அந்த இடுக்கிலிருந்து எத்தனை கண் என்று எண்ணத் தேவையில்லை, தெரிந்தது.

கஸ்காசி வாசலில் ஜெர்சிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் கோம்போ. இருபது வருடமாக அந்த அணியின் துணிமணியும் பூட்ஸும் அவர் பொறுப்பு. தௌசியின் இடுப்பில் இருந்த பச்சைக் கங்கா சீலையைப் பார்த்ததும் குசிக்காரி என்று தெரிந்துகொண்டார்.

“என்ன, ஜன்னல்ல மறைக்குதா? எங்க பஸ்ஸை வேணா கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லவா?”

அவளுக்குச் சுரீரென்றது. அடக்கிக்கொண்டாள். “கோம்போ மாமா, ஒண்ணு கேட்கணும். நேராவே கேட்கிறேன். இந்தப் பள்ளத்துல என்ன புதைச்சீங்க?”

“தண்ணிக் குழாய்.”

“மூட்டை?”

“பீன்ஸ். பசங்க தின்னு தீர்க்கிறானுங்க.”

“வியாழக்கிழமை வர்ற தாடிக்காரர்?”

கோம்போ மடித்த ஜெர்சியை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். “அவர் பல் டாக்டர் மகளே. ஐயோ, உங்க ஆளுங்க அவரைக் கண்டாலே எதுக்குச் சந்துக்குள்ள ஓடறாங்கன்னு அவர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார்.”

அவளும் சிரித்துவிட்டாள். பிறகு உண்மையான கேள்வியைக் கேட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த இறுதி ஆட்டத்தன்று, மைதானத்து வாசலில் இவர்கள் என்ன வைத்தார்கள்?

கோம்போவின் சிரிப்பு மெல்ல நின்றது. “நீ ஹதிபு மகளா?” என்று கேட்டார். அவள் தலையாட்டியதும் எழுந்து, வா என்று உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே நீளமான இடைகழி. பூட்ஸ் வாசனையும் வெங்காயம் வதங்குகிற வாசனையும் கலந்து வந்தன. பஸ் ஏறப் போகும் வழியில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரே ஒரு படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. மைதானத்து வாசல். இரும்புக் கதவு பாதி திறந்திருக்கிறது. பச்சை ஜெர்சி போட்ட ஒருத்தர், தோளில் பை, கொஞ்சம் நொண்டலான நடை, கையில் பாதி தின்ற ஆரஞ்சு. தோல் சுருளாக மணிக்கட்டில் தொங்குகிறது. தன் அப்பா இப்படி நிமிர்ந்து நடந்து தௌசி பார்த்ததே இல்லை.

கோம்போ சொன்ன கதை இப்படி இருந்தது. அன்றைக்குக் கஸ்காசியும் சுவரேறித்தான் குதித்தது, எதிர்ப்பக்கத்துச் சுவர். குசி வாசலில் எதையோ புதைத்திருக்கும் என்று இவர்களுக்கும் பயம். சுவர்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் ஹதிபுவைப் பார்த்தார்கள். தன்னந்தனியாக, பழம் தின்றுகொண்டு, நடுவாசலில். அப்படியானால் குசியிடம் எவ்வளவு பெரிய மந்திர மருந்து இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் குலை நடுங்கியது. ஆனால் ஆட்டத்தில் நடந்தது வேறு. குசியில் ஒருத்தனுக்குக் குதித்ததில் கணுக்கால் பிசகியிருந்தது, கோல்கீப்பரின் உள்ளங்கை சுவர்மேல் பதித்த கண்ணாடிச் சில்லில் கிழிந்திருந்தது. கோல்கோட்டில் நின்று இரண்டு பந்தை வெளியே உதைத்தது, வீங்கிய முழங்காலோடு ஹதிபுதான். இல்லையென்றால் ஐந்து கோல்.

“அன்னிக்கு ராத்திரியே எங்க கோச் சொல்லிட்டார். உங்க எல்லாரையும் பார்த்தேன், அவங்க எல்லாரையும் பார்த்தேன், ஆட வந்தவன் அவன் ஒருத்தன்தான். இனி நாம வாசல் வழியாத்தான் போறோம்னார். போட்டோக்காரன்கிட்ட கேட்டு வாங்கி மாட்டினோம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவேதான்னு சொல்ல மாட்டேன். பீன்ஸும் இருக்கு. நல்ல பசங்க கிடைச்சாங்க. ஆனா தொடங்கினது அங்கேதான்.”

தௌசி படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கண்ணாடியின் கீழ்மூலை மங்கலாக, எண்ணெய் ஏறித் தேய்ந்திருந்தது.

“இது என்ன மாமா?”

கோம்போ தலையைச் சொறிந்தார். பஸ் ஏறும்போது பையன்கள் தொட்டுவிட்டுப் போவார்களாம். தொடாமல் யாரும் ஏறுவதில்லையாம். ஒரு தடவை ஒருத்தன் மறந்துபோய், பாதி வழியிலிருந்து பஸ்ஸைத் திருப்பினார்களாம்.

அவளுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இவர்களும் அதே ரகம்தான். ஆனாலும் இவர்கள் தொட்டது வாசல் வழியாக நடந்துபோன ஒரு மனிதரை.

“பன்னெண்டு வருஷமா ஏன் யாரும் சொல்லலை?”

“நீங்க கேட்கவே இல்லையே. பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்க. உங்கப்பாகிட்ட மட்டும் சொன்னேன். ரெண்டு தடவை கடைக்குப் போய்க் கூப்பிட்டேன், வந்து பாருங்கன்னு. ரெண்டு தடவையும் என் சைக்கிளுக்குக் காத்தடிச்சு அனுப்பிட்டார்.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“ஒண்ணு சொன்னார். எங்க ஆளுங்க காதுக்குப் போக வேண்டாம், தெரிஞ்சா படத்தைத் திருட வருவாங்கன்னார்.”

தௌசி திரும்பி நடந்தாள். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பன்னிரண்டு வருடம் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தன்னைக் கடலில் போட்டவர்களுக்காக. தெருவின் நடுவில் ஒரு கணம் நின்றாள். பூட்டிய கதவையும் பக்கத்து இடுக்கையும் பார்த்தாள். இடுக்கில் ஒரு கண் இமைத்தது. அந்த இடத்திலேயே அவள் மனதில் ஒன்று முடிவாகிவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டே போக வேண்டும்; கேட்டு வருகிறேன் என்று போனவள் இல்லையா.

சந்து வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். பல் டாக்டர், பீன்ஸ், குழாய், சுவர், ஆரஞ்சு, முழங்கால், கோல்கோட்டில் உதைத்த இரண்டு பந்து, படம். ஒருவரும் குறுக்கிடவில்லை. மஸே ஷெகுவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புரிந்துவிட்டதோ என்று ஒரு நொடி அவள் நம்பக்கூடச் செய்தாள்.

மஸே கண்ணைத் திறந்தார். “எந்தச் சுவர்ல மாட்டியிருக்காங்க? கிழக்கா, மேற்கா?”

அவள் பதிவேட்டைக் கையில் எடுத்தாள்.

“கீழ்மூலையைத்தான் தொடறாங்களா?” என்றார் ஜும்பே. “வலது கையா, இடது கையா பார்த்தியா?”

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை வருடமாக நம்முடைய அதிர்ஷ்டத்தைத்தான் கஸ்காசிக்காரன் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறான் என்றார் ஒருத்தர். ஹதிபு நம்ம ஆள், படம் நமக்குத்தான் சேர வேண்டும், சம்மேளனத்துக்கு எழுதலாம் என்றார் இன்னொருத்தர். ஜும்பே சுத்தியலோடு பதினாறாவது ஆணிக்குப் பக்கத்தில் போய், அதன் தலையிலிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டத் தொடங்கிவிட்டார்.

மஸே ஷெகுவே அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. “நீ அவர் பொண்ணு மகளே. நீ போய்க் கேட்டா கொடுத்துடுவாங்க. நீ கேட்டது இதுதானே? இன்னிக்கே மாட்டிடலாம். பதிவேட்டில இருக்கிறதையும் அடிச்சிடறேன், போதுமா?”

ஆமாம், அவள் கேட்டது இதுவேதான். ஒரு நடை போய் வந்தால் சாயங்காலத்துக்குள் அந்த ஆணியில் அப்பா தொங்குவார். சனிக்கிழமை ஆட்டத்தன்று இவர்கள் அவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய், சுவரேறிக் குதித்து, மறுபடி தோற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை படம் மறுபடி கடலுக்குப் போகும்.

“எனக்குப் படம் வேண்டாம் மஸே,” என்றாள். “சனிக்கிழமை மேட்சுக்கு அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். ஆளையே. நாங்க வாசல் வழியா வர்றோம். நம்ம பசங்கள்ல எவனுக்குக் காலை உடைச்சுக்க விருப்பமில்லையோ, அவன் எங்க கூட நடந்து வரட்டும்.”

“அது முடியாது,” என்றார் மஸே. “குழு ஒத்துக்காது.”

“குழுவை நான் கேட்கலை.”

பதிவேட்டையும் பேனாவையும் மெத்தை நாற்காலிமேல் வைத்தாள். ஜும்பேயின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள். என்ன செய்யப் போகிறாள் என்று தெரியாமலே அவர் கொடுத்துவிட்டார். சந்துப் பக்கம் போகாமல் முன்கதவுக்குப் போனாள். துரு ஏறிய தாழ்ப்பாள் கையால் அசையவில்லை. நாலு அடி அடித்ததும் விட்டது. கதவு இரண்டு பக்கமும் விரிய, எதிர்வெயில் முழுதாக உள்ளே விழுந்தது. பெரியவர்கள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

அப்பாவிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. வரமாட்டேன் என்பார், சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார். வழியில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தபடி, சுத்தியலைப் படிமேல் வைத்துவிட்டு, தௌசி தெருவில் இறங்கி நடந்தாள்.