நெஞ்சைத் தட்டிப் பார்த்த பெட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றித் தங்களுக்கே தெரிவதில்லை. பசிக்கிறதா என்பதைக்கூட நாளைக்கு ஒரு பெட்டியைக் கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார்கள். மாரமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்து சேலத்தில் இறங்கும்வரை மாதையன் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறியவர், போன வாரம் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். மகள் தனலட்சுமி பார்த்துவிட்டாள். நெஞ்சை ஸ்கேன் எடுக்காமல் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடந்து போக விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஐம்பது வருஷமாக ஒரு தடவைகூடத் தவறாமல் ஏறிய மலை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசுந்தரி மாதையனின் நெஞ்சில் பசையைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் ஏதோ ஒன்று மீன் வாயைப்போலத் திறந்து திறந்து மூடியது.

“உங்க இருதயந்தானுங்க தாத்தா. காதுக்குக் கேக்காத சத்தத்த உள்ள அனுப்பறோம். அது பட்டுத் திரும்பறத வெச்சு, சதை நல்லாச் சுருங்குதான்னு பாக்கறோம். பலாப்பழத்தத் தட்டிப் பாப்பீங்கல்ல, அதுமாதிரி.”

“தட்டித் தட்டிப் பாத்தா பழம் கன்னிப்போயிருமுங்களே?”

டாக்டர் சிரித்துவிட்டார். “விவரமான ஆளுதான்! சத்தம் நொம்ப பலமா இருந்தா துடிப்பு மாறுமுங்க. தவளை இருதயத்துல வெச்சுப் பாத்திருக்காங்க. இது மெல்லிசு, ஒண்ணும் பண்ணாது.”

“பாத்தியா கண்ணு, அவங்களே ஒத்துக்கிட்டாங்க!” மாதையன் எழுந்து உட்கார்ந்து மகளிடம் கையை நீட்டினார். “நாடியப் புடி. பொட்டி இருந்தா எவ்வளவு, எடுத்தா எவ்வளவுன்னு எண்ணிச் சொல்லு.”

தனலட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். கருவி இல்லாமல் எழுபத்திரண்டு. புதிதாகப் பசை போட்டு வைத்ததும் எண்பத்தாறு.

“வெரட்டுதுங்க, என் நெஞ்ச வெரட்டுது!”

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடியும் பசை போட்டுக் கருவியை வைத்தார். அதே எண்பத்தாறு. பிறகு திரையை மாதையன் பக்கம் திருப்பினார். இருட்டாக இருந்தது.

“இப்ப மிஷினே ஓடலீங்க தாத்தா. பசை சில்லுன்னு இருக்குது, அந்தக் கூச்சத்துக்குத்தான் நாடி ஓடுது.”

தனலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அணைச்ச அடுப்புல சூடு ஒடனே போயிருமுங்களா?” என்றார் மாதையன்.

“சரிங்க, நீங்களே ஜெயிச்சீங்க. சதை நல்லாத்தான் சுருங்குது. மலையேறலாம், நின்னு நின்னு ஏறுங்க.”

“இத நான் ஊட்லயே சொன்னனுங்களே!”

துண்டால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். மகள் ஓடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. பெட்டி உள்ளே எதையோ விட்டிருக்கிறது, மலையேறி வேர்த்தால்தான் அது வெளியே போகும் என்று சொல்லிக்கொண்டே, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.