காலி வண்டியில் கேட்காத சத்தம்

வண்டியைத் தள்ளுவதில்தான் எங்கள் நாள் ஆரம்பித்தது. ஜனவரி மாதத்து டில்லியில், விடிந்தும் விடியாத நேரத்தில் இரும்பைத் தொட்டால் உள்ளங்கை மரத்துப்போகும். அந்தப் பழைய பட்டாளத்து ஜீப்பின் பின்பலகையில் பதினாலு பேர் தோளைக் கொடுத்து, எங்கள் குடிசைகள் இருந்த ஜுக்கிச் சந்திலிருந்து தார் ரோடு வரைக்கும் தள்ளுவோம். மூடுபனியில் டிரைவர் சுப்புவின் தலை தெரியாது. குரல் மட்டும் வரும்.

"இன்னும் ஒரு தம், யம்மா! ஒரே ஒரு தம்!"

எஞ்சின் இருமும், துப்பும், ஒருவழியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் பெண்களின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. இதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. வேலை என்பது மேலே போன பிறகுதான்.

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி வருகிறது என்று டில்லி முழுவதையும் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. கரோல் பாக்குக்குப் பின்னால், ரிட்ஜ் காட்டுக்குள் தண்ணீர்க் குழாய் போடப் பள்ளம் தோண்டினோம். மண் ஒரு சாண்தான்; கீழே எல்லாம் பாறை. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் பாறை சும்மா இருக்கும், நம் தோள்பட்டைதான் அதிரும். லாரி ஏறாத தடம் என்பதால் காண்ட்ராக்டர் வேணு, மிலிட்டரியில் கழித்துப்போட்ட அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்திருந்தார். கடைசி ஏற்றத்தில் தடத்தின் ஒரு பக்கம் பாறைச் சுவர். மறுபக்கம், என்றைக்கோ யாரோ கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன குழி, மூன்று ஆள் ஆழம்.

டிசம்பர் கடைசியில் சத்தம் வர ஆரம்பித்தது. பின்னாலிருந்து, அடியிலிருந்து, ஒரு 'டக்'. பூட்டிய கதவை யாரோ ஒரே ஒரு முறை தட்டியது போல.

சுப்பு நல்ல டிரைவர். சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது அவனுக்கு. எஞ்சினிலிருந்து பின்னால் ஓடும் தண்டின் மூட்டில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தான். மல்லாந்து படுத்து, பனியில் முதுகு நனைய, மூட்டை மாற்றினான். மறுநாள் 'டக்'. பின்னால் பானை மாதிரித் தொங்கும் கியர்ப்பெட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். இரும்புத்தூள் இல்லை. ஸ்பிரிங் பட்டைகளை இறுக்கினான். 'டக்'. கடப்பாரைகள்தான் உருளுகின்றனவோ என்று அவற்றைச் சாக்கில் சுற்றிக் கட்டினோம். அதற்கும் 'டக்'.

எரிச்சல் என்னவென்றால், சுப்பு தனியாக ஓட்டும்போது அந்தச் சத்தம் வராது. சாயங்காலம் எங்களை இறக்கிவிட்டு, காலி வண்டியை எடுத்துக்கொண்டு இருபது முறை கிளப்புவான், நிறுத்துவான், ரிவர்ஸ் எடுப்பான். வண்டி சாதுவாக இருக்கும். "என்னைப் பைத்தியமாக்கிடும்போல இருக்கு லட்சுமணா" என்று திரும்பி வந்து என்னிடம் சொல்லி ஸ்டியரிங்கைக் குத்துவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணுவும் சுப்புவும் கரோல் பாக்கில் ஒரு சர்தார்ஜி மிஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள். மிஸ்திரி அதைக் கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பேச்சுமூச்சில்லை.

"என்னாடா சுப்பு, பாட்டுப் பாடுது பாட்டுப் பாடுதுன்னு சொன்னே? ஊமையாட்டம் போவுது!" என்று சிரித்தார் வேணு. பிறகு சுப்புவை டீ வாங்க அனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது சர்தார்ஜி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும்போது மட்டும் பக்கத்தில் வந்து, "ஆஹிஸ்தா ஜானா, பேட்டா" என்றாராம். மெதுவாகப் போ, மகனே. "அந்தாளுக்கு நல்ல மனசு" என்று சுப்பு என்னிடம் சொன்னான்.

அடுத்த புதன்கிழமை, கடைசி ஏற்றத்தில் எஞ்சின் அணைந்து வண்டி ஒரு கஜம் பின்னால் சரிந்தது. சுப்பு பிரேக்கின் மேல் ஏறி நின்றான். மறுபடி கிளப்பியபோது 'டக், டக்' என்று இரண்டு முறை. அதோடு இரும்பை இரும்பு சுரண்டும் ஒரு கீச்சல். பின்பலகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் குதித்துவிட்டாள். பாறையில் இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு ஒடிந்தது.

வேணு வந்து பார்த்தார். "வண்டி மேல போய்ச் சேந்துச்சா இல்லியா?"

"சேந்துச்சு சாப்."

"அப்பறம் இவள யாரு குதிக்கச் சொன்னது?"

அன்றைக்குச் சோற்று நேரத்தில் நான் நோட்டை எடுத்தேன். வேலைக்கு வந்தவர்களுக்கு ஹாஜர் போடுவது நான்தான். ஜுக்கியிலிருந்து ஊருக்குப் போகும் கடிதங்களும் என் கையெழுத்தில்தான் போகும். ஒரு பக்கத்தில் ஜீப்பைக் கட்டம் போட்டு வரைந்து, யார் எங்கே உட்காருகிறீர்கள், எப்போது கேட்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிப் பேர் எரிந்து விழுந்தார்கள். "சத்தம் கேட்டா உசுரு போவுது. மணி பாத்துக்கினா இருப்பாங்க?" என்றான் ராமன்.

பவுனு மட்டும் மென்றுகொண்டிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். நாற்பத்தைந்து வயது, எப்போதும் இடது சக்கரத்தின் மேல்தான் உட்காருவாள். "கெளம்பறப்ப ஒண்ணு. ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒண்ணு. நடுவுல கெடையாது. காதுல கேக்கறதுக்கு முன்ன எனக்கு இடுப்புல தெரிஞ்சிடும்."

மறுநாள் தடத்தின் அடியில், சமதரையில் சோதித்தோம். நாலு பேர் ஏறினால் சத்தமில்லை. எட்டுப் பேர் ஏறினால் ரிவர்ஸில் மட்டும். எல்லோரும் ஏறினால் இரண்டிலும். எல்லோரும் வலது பக்கம் நெருங்கி உட்கார்ந்தால் லேசாக. இடது பக்கம் நெருங்கினால் பலமாக.

சுப்பு நோட்டை வாங்கிப் பார்த்தான். இடது சக்கரத்தின் கட்டத்தில் விரலை வைத்தான்.

"சாவி" என்றான்.

எங்களுக்குப் புரியவில்லை. அவன் கடப்பாரையின் முனையில் ஒரு டீ டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். ஆக்ஸில் தண்டின் முனையில் சக்கரத்தின் ஹப்பு இப்படித்தான் உட்கார்ந்திருக்குமாம். வழுக்காமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் அளவு ஓர் இரும்புத் துண்டு. அதுதான் சாவி. "அது தேஞ்சிபோச்சு. காலி வண்டியில கம்முனு கெடக்கும். நாம ஏறினாத்தான் ஆடும். ஆடி ஆடி ஒரு நாளு தண்டு முனை ஒடிஞ்சு சக்கரம் தனியா கழண்டுக்கும். பிரேக்கும் அதோட போயிடும்."

எல்லோரும் கல்லுக்குழி இருக்கும் பக்கமாகப் பார்த்தோம்.

ஹப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றால் அதற்குரிய இழுப்பான் சர்தார்ஜியின் ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறது. வேணு சொல்லாமல் நடக்காது. ஆகவே கடிதம் எழுதினேன். இடது பின்சக்கரம், தேய்ந்த சாவி, எத்தனை பேர் ஏறினால் எத்தனை சத்தம் என்று தேதிவாரியாக எழுதியிருந்தேன். சுப்பு கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினான்.

"இவ்ளோ எழுதினா, மெக்கானிக்கு நீயா நானான்னு கேப்பாரு. பின்னால சத்தம் வருது, எங்ககூட ஒரு நாளு ஏறி வந்து கேளுங்க, வண்டியப் பிரிச்சுப் பாக்கற வரைக்கும் ஏற மாட்டோம். இத மட்டும் எழுது."

கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததையெல்லாம் அடிக்கச் சொல்கிறானே என்று எனக்குக் கோபம். ஆனாலும் புதிதாக ஒரு பிரதி எழுதினேன். எல்லோரும் ஒப்பம் வைத்தார்கள்.

சனிக்கிழமை விடியற்காலையில் வேணு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலையில் குரங்குக் குல்லாய், கையில் எங்கள் கடிதம்.

"லட்சுமணா, கையெழுத்து முத்து முத்தா இருக்குது. அச்சா. எல்லாம் ஏறுங்க, ஜல்தி."

நாங்கள் நின்றோம்.

"என்னா, நான் பேசறது கேக்கல? வண்டிச் சத்தம் மட்டுந்தான் கேக்குமா?"

"அதத்தான் நீங்களும் கேளுங்கன்னு சொல்றோம் சாப்" என்றான் சுப்பு. "ஒரே ஒரு தடவ எங்ககூடப் பின்னால ஏறி வாங்க."

"என் வண்டியப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் எதுக்குடா பின்னால ஏறணும்?"

"என் எடத்துல உக்காருங்க" என்றாள் பவுனு. "மெத்துன்னு சாக்கு போட்டு வச்சிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். வேணுவின் முகம் இறுகியது. "பவுனு, வாய அடக்கு."

"எதுக்கு அடக்கணும்? நீ கூடை தூக்கினப்ப உன் தலையில ஏத்திவுட்டவ நான். அப்ப நீ வேணு. இப்ப சாப். இருந்துட்டுப் போ. ஒரே வாட்டி ஏறி உக்காரு, போதும்."

வேணு ஏறவில்லை. ஸ்கூட்டர் பக்கம் ஓரடி பின்வாங்கினார். "எல்லாம் பாத்தாச்சு. அந்த லெஃப்ட் வீல்ல ஹப்பு கொஞ்சம் லூசு, அவ்ளோதான். சர்தார்ஜி நட்டை இறுக்கி வுட்டுட்டான். சும்மா ஊரக் கூட்டாதீங்க."

அந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதியவன் நான். சுருக்கி அனுப்பிய பிரதியில் இடது என்ற சொல்லும் இல்லை, ஹப்பும் இல்லை.

சுப்பு மெதுவாகக் கேட்டான். "லெஃப்ட்டுன்னு யாரு சாப் சொன்னது?"

வேணு கையிலிருந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னைய டீ வாங்க அனுப்பினீங்களே, அப்பவா? தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒரு வாரமா எங்கள ஏத்தி அனுப்புனீங்களா?"

பவுனு தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வேணுதான் முதலில் கத்தினார். "இஷ்டம் இருந்தா ஏறு! இல்லாட்டி ஜுக்கியக் காலி பண்ணிட்டு ஊரப் பாக்கப் போ! சௌக்குல நூறு பேரு வேலைக்கு நிக்கிறான்!" ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் போய்த் திரும்பி வந்த அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பயந்தோம். "மெதுவாப் போனா ஒண்ணும் ஆவாது. குழி பக்கத்துல மட்டும் எறங்கி நடந்துக்கலாம்" என்றான் ராமன். இரண்டு பேர் சரி என்றார்கள். அதற்குள் குஞ்சம்மாள் கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். வேலைக்கு வர முடியாதவள், சும்மா வந்தாள்.

"அப்ப டிரைவரு?" என்றாள் ராமனிடம். "சுப்பு அண்ணன் எறங்கி நடந்துக்கினே ஓட்டுமா?"

ராமன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேணு திரும்பி வந்தபோது அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் எட்டுப் பேர் வேகவேகமாக நடந்து வந்தார்கள். ராஜஸ்தானத்துக்காரர்கள். முன்னால் வந்த பெண்ணின் காலில் கனத்த வெள்ளிக் காப்பு, தோளில் மண்வெட்டி. வேணு ஹிந்தியில், தள்ளுங்கள், ஏறுங்கள் என்று விரட்டினார். அவர்கள் பலகையில் கை வைத்தார்கள். சுப்பு ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தான், நாங்களும் போய்க் கை வைத்தோம். வேணு எங்களை முறைத்துப் பார்த்தார். தடுக்கவில்லை, வழிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். இத்தனை தோள்கள் சேர்ந்ததும் வண்டி இரண்டே தள்ளலில் பிடித்துக்கொண்டது. சுப்பு அதைச் சமதரையில் நிறுத்தினான்.

"பஹன், ருக்கோ" என்றாள் பவுனு அந்தப் பெண்ணிடம். நில்லு, சகோதரி. அவளுக்குத் தெரிந்த ஹிந்தியே நாலைந்து வார்த்தைதான். பிறகு இடது சக்கரத்தைக் காட்டி, தன் காதைத் தொட்டாள். "ஸுனோ."

நாங்கள் ஏறினோம். ஒற்றைக் கையோடு குஞ்சம்மாளையும் தூக்கிவிட்டோம். பதினாலு பேரும் இடது பக்கம் நெருங்கி உட்கார்ந்தோம். ஒரு மாதமாக அந்தச் சத்தம் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள், அன்றைக்கு அது வரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

சுப்பு ஒரு கஜம் முன்னால் எடுத்தான். 'டக்'. ஒரு கஜம் பின்னால். 'டக்'.

அந்தப் பெண் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். இன்னொரு முறை என்று கையைக் காட்டினாள். 'டக்'. அவளுடைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் மேலே இருக்கும் ஏற்றத்தையும் குழியையும் சொன்னேன். குஞ்சம்மாள் மாவுக்கட்டை நீட்டினாள்.

"பகவாஸ்! எல்லாம் புளுகு! ஏறுங்க!" என்று வேணு கத்தினார்.

அந்தப் பெண் எழுந்து, சந்து ஓரத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து இடது சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டு அதன் காம்பின் மேல் உட்கார்ந்தாள்.

வேணு கரோல் பாக் பக்கமாகப் போய்விட்டார். சர்தார்ஜியையும் இழுப்பானையும் கொண்டுவரவா, போலீஸைக் கூட்டிவரவா, இன்னும் எட்டுப் பேரைப் பிடித்து வரவா என்று எங்களுக்குத் தெரியாது. பனி இன்னும் விலகவில்லை. யாரோ டீ போட்டார்கள். டம்ளர் போதவில்லை, இரண்டு பேருக்கு ஒன்றாகக் குடித்தோம்.

நான் நோட்டை எடுத்து வேறொரு கடிதம் எழுதினேன். ஒன்று லேபர் ஆபீசுக்கு, நகல் வேணுவுக்கு. இந்த முறை முதல் வரியிலேயே இடது பின்சக்கரம் என்று எழுதினேன். சுப்பு வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

ஒப்பம் வைக்க மையில்லை. மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. அந்தப் பெண், "மேரா பீ லிக்கோ" என்றாள். என் பேரையும் எழுது. பேர் ருக்மாவாம். எழுதினேன். அவள் குனிந்து, இடது சக்கரத்தின் நடுவில் கசிந்திருந்த கருப்புக் கிரீஸில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு வந்து தாளில் அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் பவுனு நின்றாள், ராமன் நின்றான். இருபத்து மூன்று பேரும் அந்தச் சக்கரத்திலேயே விரலைத் தொட்டுக்கொண்டு வந்தார்கள்.