பாறைப் பக்கம்

இடது பக்க மட்கார்டு பாறையில் உரசிய சத்தம் கேட்டதும் அவருடைய கைகள் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பிவிட்டன. அவர் திருப்பவில்லை, கைகள்தான் திருப்பின. தகரத்துக்கு ஆபத்து என்றால் அவருக்கு மூளை வேலை செய்வதற்கு முன்னால் கை வேலை செய்துவிடும். ஜீப்பின் பின்பகுதி ஒரு கணம் தயங்கியது. பிறகு ஈரக் களிமண்ணில் வழுக்கிப் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. பின் இருக்கையில் மனைவி அலறினாள். அவர் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். வண்டி இன்னும் கொஞ்சம் வழுக்கி, ஏதோ ஒரு வேரிலோ கல்லிலோ முட்டி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. வலது சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். மண் தெரியவில்லை. வெகு கீழே மரங்களின் தலைகள் மழையில் ஆடிக்கொண்டிருந்தன.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி. அவளுடைய மடியில் அவள் தம்பியின் தலை இருந்தது. அவனது வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. துணியில் இப்போது மஞ்சள் கொஞ்சம்தான் மிச்சம்.

அது அவருடைய துணி. எங்கே போனாலும் அவருடைய தோளில் கிடக்கும். வண்டிகளுக்கு ஒடுக்கெடுத்து, குழி தெரியாமல் மூடப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பது அவருடைய தொழில். ஒடுக்கு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கண் ஏமாற்றும் என்பார். அந்தத் துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கதவின் நீளத்துக்கு மெதுவாகத் தடவிக்கொண்டே போவார். மயிரிழை ஏற்ற இறக்கம் இருந்தாலும் கை நின்றுவிடும். பிறகு சுத்தியலால் தட்டுவார், பட்டி வைப்பார், உப்புத்தாளால் தேய்ப்பார், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். கை எங்கேயும் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு அவர் யாரோடும் பேச மாட்டார். அதுதான் அவருடைய சந்தோஷம்.

அவருடைய பட்டறைக்கு மற்ற வண்டிகள் வருஷத்துக்கு ஒரு முறை வந்தால், இந்த நீல ஜீப் மாதத்துக்கு ஒரு முறை வரும். மைத்துனனுக்குத் தெருவில் ஓட்டினால் போதாது. விடுமுறை நாள் வந்தால் இப்படி ஏதாவது ஓடைக்குள்ளோ பாறைச் சரிவிலோ வண்டியை இறக்கிவிட்டால்தான் அவனுக்கு மூச்சு வரும். மறுநாள் காலையில் நசுங்கிய கதவோடு சிரித்துக்கொண்டு வந்து நிற்பான்.

"இதுவும் ஒரு உசிருடா. ஏண்டா இப்படிக் கொல்ற?" என்பார் அவர்.

"மாமா, கீறலே விழாத வண்டி வேணும்னா கடையிலதான் நிக்கணும். மலைக்குப் போனா இதெல்லாம் போயிட்டு வந்த கணக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சொல்லுவாங்கல்ல, அந்தத் தலைப்பாகைதான் இந்தக் கதவு."

"தலைப்பாகையைத் தைக்கிறவனுக்குல்ல தெரியும் வலி."

"உங்களுக்காகத்தான் மாமா கிழிச்சுக் கொண்டாறேன். இல்லேன்னா உங்களுக்குப் பொழுது போகாது."

அவருடைய மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று இதைக் கேட்டுச் சிரிப்பாள். "அவரை ஏண்டா கேக்கறே. வீட்டுல ஒரு வார்த்தை தடிச்சாக்கூட மூணு நாள் பேசாம இருந்தே பட்டி பாத்துடுவாரு. மேல பாத்தா பளபளன்னு இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு எனக்கில்ல தெரியும்." அவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்.

இந்த முறை இடது பக்கம் முழுவதையும் அவர் புதிதாகச் செய்திருந்தார். பல மாதங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட பட்டியைச் சில இடங்களில் சுரண்டி எடுத்து, சில இடங்களில் அப்படியே விட்டு, மேலே ஒரே நீலமாக இழுத்திருந்தார். அப்படி ஒரு நீலம் அவர் கையிலிருந்து அதுவரை வந்ததில்லை. சாவியைக் கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தபோதுதான் மைத்துனன் சொன்னான்: "ஒரு தடவை கூட வாங்க மாமா. அக்காவும் வரட்டும். எங்க அடிபடுதுன்னு நீங்களே பாத்துட்டா அப்புறம் திட்ட மாட்டீங்க."

"வர்றேன். ஆனா ஒண்ணு. ஒரு கோடு விழாம இறங்கி வரணும்."

"அது எப்படி மாமா முடியும்?"

"அப்ப நான் வரல."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைக் காட்டினாள். "சரி மாமா. உங்களுக்காக இன்னிக்கு மட்டும்," என்றான்.

ஏறும்போது மழை இல்லை. உச்சியில் மூவரும் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள். தம்பியும் அக்காவும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் இரண்டு முறை எழுந்து போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். இறங்கத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. இந்த இடத்துக்கு வந்ததும் மைத்துனன் வண்டியை நிறுத்தினான். இடது பக்கம் சுவர் மாதிரிப் பாறை. வலது பக்கம் பள்ளம். நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் களிமண் பாதை, அதுவும் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்த பாதை. வேறு நாளாக இருந்தால் அவன் யோசித்திருக்க மாட்டான். வண்டியைப் பாறைமேல் சாய்த்து, உரசிக்கொண்டே இறங்கியிருப்பான். இன்றைக்கு அவன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். "வலது சக்கரத்துக்குக் கீழ நாலு கல்லைப் போட்டுட்டா உரசாம போயிடலாம்," என்று சொல்லி இறங்கினான். குனிந்து கல்லை வைத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஈர மண்ணோடு ஒரு பாறைத் துண்டு உருண்டு வந்தது. அவன் தலையை விலக்கிக்கொண்டான். காலை விலக்க நேரமில்லை.

கல்லைப் புரட்டி, அவனைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தி, கணவனும் மனைவியுமாகத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியாது. அவருக்கும் பட்டறைக்குள் வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தத் தெரியும், தெருவில் ஓட்டத் தெரியும். அவ்வளவுதான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபோது மைத்துனனின் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.

இப்போது வண்டி பாதி பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி நிற்கிறது.

"மாமா." மைத்துனனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "பிரேக்க மிதிக்காதீங்க. மிதிச்சா வழுக்கும். முதல் கியர்ல போட்டு ரெண்டு காலையும் எடுத்துடுங்க. அதுவே இறங்கும்."

"சரிடா."

"பாறைப் பக்கம் திருப்புங்க. அது மேல சாய்ச்சுடுங்க. பாறை பிடிச்சுக்கும்."

"கதவு போயிடும்டா," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. நடுவில் தொங்கிய கண்ணாடியில் மனைவியின் கண்கள் தெரிந்தன.

"கதவா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கதவைப் பத்தியா பேசறீங்க?"

அவர் எஞ்சினை எழுப்பினார். கியரைப் போட்டார். கைகளைப் பார்த்தார். அவை நடுங்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. அவை தங்களுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்யக் காத்துக்கொண்டிருந்தன. இவ்வளவு வருஷமாக இந்தக் கைகளை நம்பித்தான் அவர் பிழைத்திருக்கிறார். இப்போது இவற்றை எதிர்த்து எப்படிப் போவது என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார். மட்கார்டு பாறையில் முட்டியது. கை உடனே வலது பக்கம் போகப் பார்த்தது. அவர் பற்களைக் கடித்துக்கொண்டு இன்னும் இடது பக்கம் திருப்பினார், ஒரு ஆளின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்துகிற மாதிரி. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி வழுக்கிற்று. பிறகு பாறைமேல் சாய்ந்தது. சாய்ந்தபடியே இறங்கத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அவர் கேட்டதெல்லாம் அதன் பிறகு வரும் அமைதியைத்தான். அடிபட்டு முடிந்து, ஆறி, பட்டறை வாசலில் வந்து நிற்கும் தகரம்தான் அவருக்குப் பழக்கம். இது நடந்துகொண்டிருக்கும்போதே கேட்கும் சத்தம். கண்ணை மூடாமலே அவருக்கு எல்லாம் தெரிந்தது. முதலில் நீலம் உரிந்தது. அது மெல்லிய கிறீச். அடுத்து பிரைமர். பிறகு பட்டி பொடிப்பொடியாக நொறுங்கும் கரகரப்பு. இது போன மழைக்காலத்தில் போட்டது, இது அதற்கு முந்தியது என்று காது பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தது. அப்புறம் வெறும் தகரம் பாறையோடு பேசியது. கைப்பிடி பிடுங்கிக்கொண்டு போனது. பின்னால் வருவதைக் காட்டும் இடது பக்கக் கண்ணாடி பாறையில் மோதி வெடித்தது. அவருடைய வாயிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை.

"அப்படித்தான் மாமா," என்றான் மைத்துனன். "விடுங்க... போகட்டும்."

"பேசாதடா. சும்மா கிட," என்றாள் அக்கா.

"தலைப்பாகை மாமா..." என்று ஆரம்பித்து அவன் சிரித்தான், அல்லது சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு விட்டான். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவள், "டேய், பேசுடா," என்றாள். "டேய், இங்க பாரு. பேசுடா. நான் இனிமே பேசாதன்னு சொல்ல மாட்டேன். பேசுடா." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கை தளரும். இன்னும் அழுத்தினார். இப்போது அவருக்கே வண்டியைப் பாறையில் தேய்க்க வேண்டும் போலிருந்தது, எலும்பு வரைக்கும். காலையிலேயே இந்த ஒரு கோடு விழுந்திருந்தால் போதுமே என்று நினைத்தார். ஒரே ஒரு கோடு. தலைப்பாகையைக் காப்பாற்றச் சொன்னவர் அவர்தான். அதை மூவருமே அறிந்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒருவன் கண்ணை மூடிக் கிடந்தான்.

பாறை முடிந்தது. வண்டி சட்டென்று நிமிர்ந்து சரளைக்கல்லில் விழுந்தது. அதற்குப் பிறகு ஓடை, ஓடைக்கு அப்பால் தார்ச்சாலை. சாலையில் அவர் எப்படி ஓட்டினார் என்பது அவருக்கு நினைவில் தங்கவில்லை. நசுங்கிய மட்கார்டு டயரைக் கடித்துக்கொண்டு கதறியதும், ரப்பர் கருகும் வாடை வந்ததும், பின்னாலிருந்து ஒரே வார்த்தை திரும்பத் திரும்பக் கேட்டதும் மட்டும் நினைவிருந்தது. பேசுடா.

மருத்துவமனை வாசல் இடது பக்கம் இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த இருவர் பின்கதவைத் திறக்கக் கையை நீட்டினார்கள். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. கதவு சட்டத்தோடு நசுங்கி ஒட்டியிருந்தது. "என்னய்யா வண்டி இது, அந்தப் பக்கம் வாய்யா," என்று கத்திக்கொண்டு சுற்றி ஓடினார்கள். அந்தச் சில நொடிகளையும் அவர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அவனை இறக்கினார்கள். கை ஒன்று ஸ்ட்ரெச்சரிலிருந்து கீழே தொங்கியது. அது உயிருள்ள கையா இல்லையா என்று பார்ப்பதற்குள் அவள் அதை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கூடவே ஓடினாள். ஆடும் கதவுகள் அவர்களை விழுங்கிவிட்டு ஆடிக்கொண்டிருந்தன.

அவர் வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றார். முன்னிலிருந்து பின்வரை ஒரே காயம். அதன் ஓரங்களில் அடுக்கடுக்காக நிறங்கள் தெரிந்தன. நீலத்துக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே வேறொரு நீலம், வெள்ளைப் பட்டி, மறுபடியும் சாம்பல். அவர் மூடிவைத்ததெல்லாம் வெளியே வந்து நின்றது. துணிக்காகத் தோளைத் தொட்டார். இல்லை. வெறும் உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தார். பழக்கப்படி மெதுவாக நகர்த்தினார். ஒரு விரல் தூரம்கூடப் போக முடியவில்லை. கிழிந்த விளிம்பில் கை நின்றுவிட்டது. அழுத்தினார். இரத்தம் வந்தது. எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"பெரியவரே, வாசலை மறிச்சு நிக்குது பாருங்க. வண்டியைக் கொஞ்சம் தள்ளி விடுங்க," என்றார் காவலாளி.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைச் சுவரோரமாக நகர்த்தினார். மட்கார்டு டயரில் உரசி முனகியது. கொஞ்சம் நெம்பிவிட்டால் சத்தம் நின்றுவிடும். நெம்புகிற கம்பி இருக்கையின் அடியிலேயே இருந்தது. அவர் எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. பின் இருக்கையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

ஆடும் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. காலடி ஓசை, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக, ஈரத் தரையில் மாறி மாறிக் கேட்டது. ஓடவில்லை. தயங்கவும் இல்லை. இடது பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவருடைய கண் பழக்கத்தில் இடது பக்கக் கண்ணாடிக்குப் போயிற்று. அங்கே வளைந்த கம்பியில் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அது மெதுவாகத் திரும்பியது. அதில் கொஞ்சம் வானம் தெரிந்தது. பிறகு கொஞ்சம் சுவர். பிறகு அவளுடைய புடவையின் ஓரம். முகம் வரும் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சில்லு மறுபடியும் வானத்தின் பக்கம் திரும்பியது.