சிவபாதசுந்தரத்தின் ஒரேயொரு வாசகர்

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் பௌஸியின் கொமியூனிகேஷன் கடை இருந்தது. கனடாவுக்குக் கதைக்க வருகிறவர்கள், லொட்ஜுகளில் தங்கி, விசா அலுவலாக ஈமெயில் பார்க்க வருகிறவர்கள், இவர்களுக்கு நடுவே மூலைக் கதிரையில் கழுத்துப்பட்டியோடு ஒருவர் நாள்தோறும் வந்து இருப்பார். சுங்கத்தில் அத்தியட்சராயிருந்து ஓய்வுபெற்ற சிவபாதசுந்தரம். ஓய்வுபெற்ற செய்தி திணைக்களத்துக்குத் தெரியும். அவருக்குத்தான் இன்னும் முறைப்படி அறிவிக்கப்படவில்லை.

அவர் தன் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார். 'சுங்கமும் நானும்' என்று பெயர். சுங்கம் கொஞ்சம், நான் நிறைய. மனைவி அன்னபாக்கியம் முதல் அத்தியாயத்தைக் கேட்க இருந்து, கப்பல் துறைமுகத்துக்குள் வரமுதலே நித்திரையாகிப் போனார். ரொறன்ரோ மகன் அச்செடுத்து வாசிப்பதாகச் சொன்னான். மை முடிந்துவிட்டதாம்.

எழுதி முடித்த அத்தியாயங்கள் கடையின் பெரிய மெஷினில், எவரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் கிடந்தன. ஒருநாள் பௌஸி மவுஸின் வலது பக்கத்தை அமத்தி, அவருக்கு ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினான். ஃபைல் எப்போது உண்டானது, எப்போது திருத்தப்பட்டது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று மூன்று வரி. தானே மாதக்கணக்காகத் தொடாத முதல் அத்தியாயத்துக்கு வந்த பெட்டியில், மூன்றாவது வரியில் அன்றைய தேதி இருந்தது. பக்கத்தில், அவர் கடைக்கு வரமுதல் ஒரு காலை நேரம்.

யாரோ வாசித்திருக்கிறார்கள். மறுநாளும் வாசித்திருந்தார்கள். அதற்கடுத்த நாளும்.

அதன்பிறகு சிவபாதசுந்தரத்தின் காலைகள் வேறு நிறமாயின. பால்கனியில் தேத்தண்ணியோடு இருப்பார். கடற்கரை ரயில் உப்புக் காற்றை உலுப்பிக்கொண்டு போகும். அந்த நேரம் கீழே ஒருவர் நடந்து போவது, எட்டிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். முகம் கிடையாது, ஈரத் தலைமயிர் மட்டும். பாதி தூக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, அவருடைய கதிரையிலேயே இருந்து வாசிக்கும் அந்த உருவம். சில நாள் அது பெண்பிள்ளை, சில நாள் பேராசிரியர். மழை நாளில் யாராயிருந்தாலும் குடையை மறந்துவிட்டு வரும். அந்த வாசகருக்காக அவர் புதிய அத்தியாயங்களில் வசனங்களைச் சுருக்கினார். தன் உத்தியோக காலத்துத் தவறு ஒன்றைக்கூடத் துணிந்து எழுதினார். அது வேறொருவர் விட்ட தவறு.

ஒரு கிழமை முழுக்க மெஷின் இழுத்து இழுத்துத்தான் நடந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கம்பியூட்டர் திருத்துகிற வலன்ரைன் வந்து ஏதோ செய்துவிட்டுப் போனார், மெஷின் பறந்தது. அதே கிழமைதான் பொலிஸ்காரர் லொட்ஜுகளைச் சோதனை போட்டு, தங்கியிருந்த தமிழ் ஆட்களை பஸ்ஸில் ஏற்றினார்கள். சிவபாதசுந்தரம் வந்து மூன்றாவது வரியைப் பார்த்தார். முந்தின நாள் தேதி. மறுநாளும் அதே தேதி, அதற்கு மறுநாளும்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாசகரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பௌஸியிடம் விசாரித்திருக்கலாம். ஆனால் இலக்கிய விஷயத்தை அவனோடு கதைப்பது தகாது என்று கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே பொலிசுக்குப் போனார். அன்னபாக்கியம் மறித்தும் கேட்கவில்லை.

ஒருவரைக் காணவில்லை என்று சுங்கக் கந்தோரில் பழகிய சிங்களத்தில் முறையிட்டார். பெயரென்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியாது. ஆணா பெண்ணா? அதுவும் நிச்சயமில்லை. என்ன செய்கிற ஆள்? விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வந்து, தான் எழுதி வைப்பதை வாசித்துவிட்டுப் போகிற ஆள் என்று பெருமையோடு சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனையை மெல்லக் கீழே வைத்தார். அந்த யுத்த காலத்தில் இப்படியான வாசிப்புக்கு வேறு பெயர் இருந்தது.

அவரை வாங்கில் இருத்தினார்கள். தனக்குத் தெரிந்த பணிப்பாளர்களின் பெயர்களை அவர் வரிசையாய்ச் சொன்னார். பிளேன்டீ தந்தார்கள், எழும்ப மட்டும் விடவில்லை. விசாரணைக்குக் கொண்டுபோக வாகனம் வரும் என்று யாரோ சொன்னபோது அந்தப் பெயர்களைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

அன்னபாக்கியத்தின் டெலிபோனுக்குப் பௌஸி ஓடிவந்தான், வலன்ரைனையும் இழுத்துக்கொண்டு. வலன்ரைன் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்:

"அப்பிடி ஒரு ஆளே இல்லை, மஹத்தயா. வைரஸ் தேடுற புரோகிராம் அது. காலையில மெஷினைப் போட்டதும் எல்லா ஃபைலையும் திறந்து பார்க்கும். திறக்கத் திறக்க மெஷின் நேரத்தைக் குறிச்சு வைக்கும். வாசிக்கிறதுக்கெல்லாம் எழுத்து வேலை வந்தா டிஸ்க் என்னத்துக்கு ஆகும்? அதுதான் இழுத்தது. இனிக் குறிக்காதே எண்டு நான் நிப்பாட்டினன்."

இன்ஸ்பெக்டர் பேனையைத் திரும்ப எடுத்தார். பிறகு சிவபாதசுந்தரத்தின் பக்கம் திரும்பி, மஹத்தயா தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்றார். நீங்கள் எழுதுவதை வாசிக்கிற ஆள் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறதென்றால் வாகனம் வரட்டும்.

சாளரத்தடியில் ஈரத் தலைமயிரோடு ஒருவர் நின்றது சிவபாதசுந்தரத்துக்குத் தெரிந்தது. முதல்முறையாக அந்த உருவம் அவரைப் பார்த்தது. பின்னால் கடல் வெள்ளையாய், சத்தமில்லாமல் கிடந்தது.

"ஒருவருமில்லை," என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

காலி வீதியில் பௌஸி முன்னால் போக, இவர் வலன்ரைனோடு பின்னால் நடந்தார். வெயில் தார் ரோட்டில் தண்ணீர்போல் மிதந்தது. ஒரு சந்தி கழிந்தபின் தொண்டையைச் செருமினார்.

"அது கடைசி வரைக்கும் வாசிச்சதோ?"

"ஓம் சேர். ஒரு எழுத்து விடாம."

"இப்ப?"

"இண்டைக்குக் காலையிலயும் வாசிச்சிருக்கும். நேரம் மட்டுந்தான் குறிக்கிறேல்ல."

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தார்கள்.

"பிழையேதும் கண்டதோ?"

"ஒண்டுமில்ல சேர். சுத்தம் எண்டுதான் சொல்லும்."

சிவபாதசுந்தரம் நின்றார். கழுத்துப்பட்டியை இறுக்கினார்.

"ஆறாம் அத்தியாயத்தில வந்த கப்பல் ஒண்டு ஏழாம் அத்தியாயத்தில திரும்பவும் வருது. அதைக்கூடக் கவனிக்கேல்லையே," என்றார். "மேலோட்டமான வாசிப்பு."